கிரம்மி வீடு திரும்பும் நேரம்

நினியன் கூர்லி தைத்து விற்ற ஒன்பது ஜோடி சப்பாத்துகளும், அவற்றை மாட்டியிருந்த ஒன்பது பேரையும் சுமந்துகொண்டு, செப்டம்பர் மாதத்து வியாழக்கிழமை ஒன்றில், பால் கறக்கும் நேரத்துக்கு, பெத்தியா கின்னியரின் மாட்டுத் தொழுவத்துக்குள் போய் நின்றன. அன்று கின்கரோ என்ற அந்தக் கடலோர ஊரில் கிழக்குக் காற்று. துறைமுகத்தில் ஹெர்ரிங் மீன் மலிந்திருந்தது. போதகர் ஒரு நோயாளியின் கட்டிலருகே ஜெபத்தின் நடுவில் இருந்தார். ஆமென் சொல்வதற்குள் அவர் வாசலைத் தாண்டிவிட்டதால், மிச்ச ஜெபத்தை நோயாளியே முடித்துக்கொள்ள வேண்டியதாயிற்று. தையற்காரர் சங்கத்தின் தலைவர் கில்பர்ட் ஸ்பென்ஸ் ஒரு மாலுமியின் இடுப்பை அளந்துகொண்டிருந்தார். அளவுப் பட்டியின் முனையை விடாமல் பிடித்துக்கொண்டே நடந்ததால் மாலுமியும் கொஞ்ச தூரம் கூடவே வந்தான். நகர நீதிபதி கையில் சூப் கரண்டியோடும், ரொட்டிக்கடைக்காரர் முழங்கை வரை மாவோடும் வந்தார்கள். நகரத்து முரசுக்காரன் முரசை அடித்தபடியே வந்தான். மருத்துவச்சி லில்லியாஸ், நல்ல வேளையாக, ஒரு பிரசவத்தை முடித்துவிட்டுத் திரும்பும் வழியில் இருந்தாள். சுங்க அதிகாரி ஒரு கடத்தல்காரனைத் துரத்திக்கொண்டிருந்தார். இருவர் காலிலும் ஒரே தோல் என்பதால் அந்தத் துரத்தல் குழப்பம் ஏதுமின்றித் தொழுவத்தில் வந்து முடிந்தது. கடைசியாகச் சப்பாத்துக்காரர் சங்கத்தின் தலைவர் பேட்ரிக் லம்ஸ்டன் வந்தார். தலைவர் பதவியில் தனக்கே ஒரு ஜோடி தைத்துக்கொள்ள நேரமில்லாமல் நினியனிடம் வாங்கியிருந்தார். ஒன்பது பேரும் இடது தோள் சுவரில் பட, முகம் தீவனத் தொட்டியைப் பார்க்க, நெருக்கியடித்துக்கொண்டு நின்றார்கள்.

நினியனுக்கு விஷயம் தெரிந்தது வேறு விதமாக. பட்டறையில் அவன் பத்தாவதாக ஒரு ஜோடியை முடித்து, கால் வடிவ மர அச்சு உள்ளே இருக்கும்படியே பலகையில் வைத்திருந்தான். அது தானாகக் கீழே குதித்துப் போய்க் கதவை முட்டத் தொடங்கியது. பூனைதான் ஏதோ உருட்டுகிறது என்று முதலில் நினைத்தான். பூனை அடுப்பருகே தூங்கிக்கொண்டிருந்தது. கதவைத் திறந்துவிட்டான், சப்பாத்துகள் இரண்டும் சந்தின் கற்களில் டக்கு டக்கென்று நடந்தன, அவன் கையில் மெழுகு நூலோடு பின்னாலேயே போனான். எங்கே போகின்றன என்பது பாதி வழியிலேயே அவனுக்குப் புரிந்துவிட்டது. அந்தத் தோல் யாருடையது என்று ஊரில் அவன் ஒருவனுக்குத்தான் தெரியும்.

கிரம்மி என்பது பெத்தியாவின் பசு. கறுப்பு உடம்பு, ஒரு கொம்பு கோணல், இடது தோளில் வேலி முள் கிழித்த பிறை மாதிரி ஒரு தழும்பு. பெத்தியாவின் புருஷன் கடலுக்குப் போய்த் திரும்பி வராத வருஷத்திலிருந்து அவளுக்குச் சோறு போட்டது அந்தப் பசுதான். வயதான பிறகு கிரம்மி மாலையில் மட்டும் பால் கொடுத்தது. ஆனால் எந்த மேய்ச்சலில் இருந்தாலும், யாரும் ஓட்டாமலேயே, அந்த நேரத்துக்குத் தொழுவத்தில் வந்து நிற்கும். போன வருஷத்துக்கு முந்திய வருஷம், பனி உருகும் காலத்தில், படுத்த இடத்தில் செத்துப்போனது. கூரை ஒழுகியதால் பெத்தியா தோலைப் பதனிடுகிறவனிடம் விற்றாள். ஓக் பட்டைத் தண்ணீரில் ஒரு வருஷத்துக்கு மேல் ஊறி அது வெளியே வந்தபோது, குழியருகே குவித்திருந்த தோல்களில் அந்தப் பிறைத் தழும்பைப் பார்த்து நினியன் அதையே கேட்டு வாங்கினான். அவன் வீடு பெத்தியாவின் வீட்டுக்கு எதிர்ச்சந்தில். ஏழு வருஷம் தினமும் அவளிடம் பால் வாங்கியிருக்கிறான். பால் அவனுக்குப் பிடிக்காது. பசு செத்த பிறகு அவள் வீட்டுக்குப் போக அவனுக்குக் காரணம் இல்லாமல் போயிற்று. நாற்பது வயது ஆகியும், காரணம் இல்லாமல் ஒரு கதவைத் தட்ட அவனுக்குத் தெரியவில்லை. தோலின் நல்ல பகுதியெல்லாம் விற்பனைக்குத் தைத்தான். வயிற்றுப் பக்கத்துத் தோலை விற்பனைக்குத் தைக்கச் சங்கம் அனுமதிக்காது. எனவே அதில் தனக்கென்று அந்தப் பத்தாவது ஜோடியைத் தைத்தான்.

சங்கத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். கின்கரோவில் சங்கத்தின் சம்மதம் இல்லாமல் ஒருவன் சப்பாத்துக்கு ஓர் ஆணிகூட அடிக்க முடியாது. சங்கத்தின் சோதனையாளர்கள் இருவர் பட்டறை பட்டறையாகப் போய் ஜோடிகளை வளைத்துப் பார்ப்பார்கள், தையலைப் பிடித்து இழுப்பார்கள், மோந்துகூடப் பார்ப்பார்கள். மட்டமானது அகப்பட்டால் சந்தை நடுவில் நிற்கும் கற்சிலுவையின் அடியில் எல்லோரும் பார்க்க எரித்துவிடுவார்கள். சப்பாத்து எரிந்தவனுடைய பெயர் அதோடு போயிற்று. நினியன் தைத்ததை அவர்கள் ஒரு தடவைகூட முகம் சுளித்துப் பார்த்ததில்லை.

அவன் தொழுவத்து வாசலுக்குப் போனபோது உள்ளே சத்தம் அமர்க்களப்பட்டது.

"கூர்லி! என்னய்யா தச்சுக் குடுத்திருக்க?" என்று நீதிபதி கரண்டியை ஆட்டினார்.

"நல்ல தோலுங்க ஐயா," என்றான் நினியன்.

"கழட்டவே முடியல. பக்கிள் பூட்டிக்கிச்சு," என்றார் போதகர்.

லம்ஸ்டனும் ஸ்பென்ஸும் தோளோடு தோள் ஒட்டி நின்றார்கள். ஊர்வலத்தில் சப்பாத்துக்காரர் சங்கம் முன்னால் போவதா தையற்காரர் சங்கம் முன்னால் போவதா என்ற தகராறில், அவர்கள் பேச்சை நிறுத்திப் பதினோரு வருஷம் ஆகியிருந்தது. அந்தப் பதினோரு வருஷத்தில் முதல் வார்த்தையை ஸ்பென்ஸ் சொன்னார்.

"தள்ளி நில்லு."

"எங்க தள்றது? சுவத்துக்குள்ளயா?" என்றார் லம்ஸ்டன்.

கொல்லையில் கோசுக்கீரை அறுத்துக்கொண்டிருந்த பெத்தியா கத்தியோடு வந்து எட்டிப்பார்த்தாள். வரிசையின் கடைசியில், காலே இல்லாமல், மர அச்சோடு நின்ற ஜோடியைப் பார்த்தாள். பிறகு குனிந்து ஒவ்வொருவர் காலாகப் பார்த்துக்கொண்டே வந்தாள். ஸ்பென்ஸின் இடது சப்பாத்தில் பிறைத் தழும்பு இருந்தது. அதன்மேல் கையை வைத்தாள். கொஞ்ச நேரம் எடுக்கவில்லை. அவள் அழுகிறாளா என்று யாரும் பார்க்கத் துணியவில்லை. எழுந்தபோது குரல் சாதாரணமாகத்தான் இருந்தது.

"இவ கறக்காம நகர மாட்டா. என் புருஷன் உயிரோட இருந்தப்ப ஒரு நாள் இழுத்துப் பாத்தாரு, முட்டித் தொட்டிக்குள்ள தள்ளிட்டா. எல்லாரும் பேசாம நில்லுங்க, பயந்துக்குவா."

முக்காலியையும் வாளியையும் எடுத்துவந்து, போதகருக்கும் ரொட்டிக்கடைக்காரருக்கும் நடுவில் உட்கார்ந்து, வெறும் காற்றில் கையை வைத்துக் கறக்கத் தொடங்கினாள். வாளியில் பால் விழுந்தது. வெதுவெதுப்பாக, நுரையோடு, கிரம்மி வழக்கமாகக் கொடுக்கும் அளவு. கடைசிச் சொட்டு விழுந்ததும் சப்பாத்துகள் ஒன்றன்பின் ஒன்றாகத் திரும்பின, பக்கிள்கள் தளர்ந்தன, ஒன்பது பேரும் வீட்டுக்குப் போய், எங்கே போயிருந்தீர்கள் என்று கேட்டவர்களிடம் காற்று வாங்கப் போனோம் என்றார்கள்.

மறுநாளும் அப்படியே நடந்தது, அதற்கு மறுநாளும். முதல் சில வாரங்கள் ஆளாளுக்கு ஏதோ முயன்று பார்த்தார்கள். நீதிபதி சப்பாத்துகளை இரும்புப் பெட்டியில் பூட்டினார்; மாலையில் பெட்டி மாடிப்படியில் உருண்டு இறங்கிப் பெரிய தெரு வழியே இடித்துக்கொண்டு போனது. போதகர் பக்கத்து ஊருக்கு வண்டியேறினார்; பாதி வழியில் சப்பாத்துகள் அவரை இறக்கிச் சதுப்பு நிலத்தின் குறுக்கே நடத்திக் கூட்டிவந்தன, மற்றவர்கள் எல்லோரும் போன பிறகு வந்து சேர்ந்த அவருக்காகப் பெத்தியா மறுபடி முக்காலி போட வேண்டியிருந்தது. சுங்க அதிகாரி முன்கூட்டியே கழற்றி மூலையில் வைத்தார். வெறும் சப்பாத்து மட்டும் தெருவில் நடந்து போனதைப் பார்த்தவர்கள் அவர் மனைவியிடம் துக்கம் விசாரிக்க வந்துவிட்டார்கள். அதற்குப் பிறகு, சப்பாத்து தனியாகப் போவதைவிட ஆளும் உள்ளே இருப்பதுதான் மரியாதை என்று எல்லோரும் முடிவுசெய்தார்கள். தூக்கி எறிந்தால் என்ன என்று யாரும் யோசிக்கவில்லை. நல்ல சப்பாத்தைத் தூக்கி எறியும் வழக்கம் எங்கள் பக்கத்தில் கிடையாது.

போகப்போக அந்த நேரம் அவர்களுக்குப் பழகிவிட்டது. நினியனும் தன் ஜோடியிலிருந்து அச்சை எடுத்துவிட்டுக் காலை நுழைத்துக்கொண்டான். வரிசையின் கடைசியில், வாளிக்கு எட்டத்தில் நின்றான். போதகர் ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கத்தை அங்கே சொல்லிப்பார்த்து, லில்லியாஸ் கொட்டாவி விட்ட இடங்களை வெட்டினார். பிரசங்கம் பாதியானதில் சபைக்கு மெத்தச் சந்தோஷம். சுங்க அதிகாரியும் கடத்தல்காரனும் பிரெஞ்சு பிராந்தியின் குணங்களைப் பற்றிப் பொதுவாகப் பேசிக்கொண்டார்கள். நீதிபதி வழக்குகளைச் சொல்ல, ரொட்டிக்கடைக்காரர் தீர்ப்புச் சொல்வார்; பெரும்பாலும் அதுவே தீர்ப்பாகவும் ஆயிற்று. லம்ஸ்டனும் ஸ்பென்ஸும் ஊர்வலத்தைப் பற்றி மட்டும் பேசுவதில்லை. முழங்கால் வலியைப் பற்றிப் பேசினார்கள். பெத்தியா ஆளுக்கொரு கிண்ணம் பால் கொடுத்து, மீதியை முன்போல வீடு வீடாக விற்றாள். அவள் கன்னத்தில் பழைய நிறம் வந்திருந்தது. அதை நினியன் பார்த்துக்கொண்டே நிற்பான். அவள் திரும்பினால் கூரையைப் பார்ப்பான். கூரை இப்போது ஒழுகவில்லை.

இதில் சேராத பெரிய மனிதர் ஒருவர் இருந்தார். நகரத் தலைவர் ஹால்டேன். அவர் சப்பாத்துகளை எடின்பரோவில் வாங்குவார். சங்கம் அதை மறக்கவுமில்லை, மன்னிக்கவுமில்லை. ஊரில் முடிவாக வேண்டிய விஷயங்கள் எல்லாம் மாலையில் ஒரு தொழுவத்தில் முடிவாகிவிடுவதையும், மறுநாள் தான் போய் உட்காரும் சபையில் எல்லோரும் ஏற்கெனவே தலையாட்டிவிட்டு வந்திருப்பதையும் அவர் கவனித்தார். பெத்தியா சூனியக்காரி என்று இரண்டொருவர் பேசுவதும் அவர் காதில் விழுந்தது. சூனியக்காரிகளைத் தண்டிக்கும் சட்டத்தை லண்டனில் எடுத்துவிட்டு இருபது வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. செய்தி கின்கரோவுக்கும் வந்திருந்தது, சிலர் அதை ஏற்றுக்கொள்ளவில்லை, அவ்வளவுதான். ஹால்டேன் உத்தரவு போட்டார். சப்பாத்துக்காரர்களின் காவல் புனிதரான கிரிஸ்பினின் திருநாளில், ஊர்வலம் முடிந்ததும், பத்து ஜோடிகளும் சந்தைச் சிலுவையடியில் எரிக்கப்பட வேண்டும். கூர்லியின் பட்டறை மூடப்பட வேண்டும். பெத்தியா கின்னியர் குளிர்காலத்துக்குள் ஊரைவிட்டுப் போய்விட வேண்டும்.

அன்று மற்றவர்கள் போன பிறகு நினியன் தொழுவத்திலேயே நின்றான். பெத்தியா பாலை வடிகட்டிக்கொண்டிருந்தாள்.

"எரிக்கப் போறாங்களாம்," என்றான்.

"கேள்விப்பட்டேன். அவ ஒரு தடவ செத்தது போதாதாமா?" வடிதுணியைப் பிழிந்தாள். "நீ என்ன சொன்ன?"

"நான் ஒண்ணும் சொல்லல."

"ஏழு வருஷமா ஒண்ணும் சொல்லாமத்தான் பால் வாங்கிட்டுப் போன. அத்தனையும் பூனைக்குத்தான் ஊத்துனன்னு எனக்குத் தெரியாதா? இந்தத் தெருவுலயே உன் பூனதான் குண்டு."

நினியன் காதுமடல் சிவக்க நின்றான். அவள் அவனைப் பார்க்காமலேயே சொன்னாள்: "எனக்குப் போக ஒரு இடமும் இல்ல நினியன். அத மட்டும் எங்கயாவது சொல்லு."

மறுநாள் சங்கத்தின் மண்டபத்தில் கூட்டம். இருபது வருஷத்தில் நினியன் அங்கே வாய் திறந்ததில்லை. வாக்கெடுப்பில் கை தூக்குவான், சாப்பாட்டில் கலந்துகொள்வான். சோதனையாளர்கள் இருவரும் ஜோடிகளை மேசைமேல் வரிசையாக வைத்து வளைத்தார்கள், இழுத்தார்கள், மோந்தார்கள். குறை ஒன்றும் அகப்படவில்லை. லம்ஸ்டன் முகத்தைச் சொறிந்துகொண்டார். மட்டமான வேலையைத்தான் எரிக்கலாம் என்பது சங்கத்தின் விதி. ஆனால் உத்தரவு நகரத் தலைவருடையது.

நினியன் எழுந்தான். எழுந்ததில் அவனுடைய முக்காலி விழுந்தது.

"தலைவரே, எது குத்தம்னு சொல்லுங்க. தையலா? தோலா? அளவா?"

"அடப்பாவி, நடக்குதேடா!" என்று பின்னாலிருந்து ஒருவர் கத்தினார்.

"நடக்குறதுக்குத்தான சப்பாத்து தைக்கிறோம்?"

மண்டபம் சிரித்தது. நினியன் சிரிக்கவில்லை. மேசையைப் பிடித்துக்கொண்டான். "பட்டறைய மூடணும்னா மூடுங்க. நான் கூலிக்குத் தச்சுப் பொழச்சுக்குவேன். அந்தம்மா போறதுக்கு எடம் இல்ல. அவங்க செஞ்சதெல்லாம் மாடு வந்தா கறந்தது. வீடு தேடி வந்த மாட்ட யாரு கறக்காம விடுவா?"

பிறகு லம்ஸ்டன் சுத்தியலால் மேசையைத் தட்டி, வேலையில் குற்றம் இல்லை என்று தீர்ப்புச் சொன்னார். அதோடு விடவில்லை. திருநாள் ஊர்வலத்தில் முடிசூடிக் குதிரையில் போக, வருஷா வருஷம் சங்கம் தன்னுள் ஒருவரைக் கிரிஸ்பின் ராஜாவாகத் தேர்ந்தெடுக்கும். அந்த வருஷத்து ராஜா நினியன் கூர்லி என்று கைகள் எல்லாம் உயர்ந்தன. ஹால்டேனுக்கு இது எட்டியபோது அவர் இரண்டு காரியம் செய்தார். சங்கம் எரிக்காவிட்டால் நகரமே எரிக்கும் என்றார். இந்த வருஷம் தையற்காரர்கள் முன்னால் போகலாம் என்று அவர்களுக்கும் அனுமதி கொடுத்தார்.

திருநாளன்று வானம் வெளுத்திருந்தது. நினியன் தலையில் தகரக் கிரீடம், தோளில் முயல் தோலில் செய்த ராஜ அங்கி, காலில் கிரம்மி. இரவல் குதிரை ஒன்றின்மேல் அவனைத் தூக்கி வைத்தார்கள். முரசும் பைக்குழலும் முழங்கச் சப்பாத்துக்காரர்கள் பெரிய தெருவில் இறங்கி வந்தபோது, சிறைச்சாலைக் கோபுரத்தை ஒட்டிய குறுகலில் தையற்காரர்கள் வழியை அடைத்து நின்றார்கள். ஆதாமும் ஏவாளும் இலை தைக்கும் படம் போட்ட கொடி அவர்களுடையது. உலகத்தின் முதல் தொழில் தங்களுடையது என்பதற்கு அதுதான் ஆதாரம். அப்பால் சந்தைச் சிலுவையடியில் ஹால்டேன் தார்ப் பீப்பாயைக் கொளுத்திவைத்துக் காத்திருந்தார்.

"மாட்டுத்தோல் நாத்தம் தாங்கல, பின்னால போங்கடா!" என்றது ஒரு பக்கம்.

"துணி கிழிக்கிற பசங்களுக்கு வாயப் பாரு! எங்க சப்பாத்து இல்லன்னா எதுலடா வந்து நிப்பீங்க?" என்றது மறுபக்கம்.

ஒரு டர்னிப் கிழங்கு பறந்து வந்து கிரிஸ்பின் ராஜாவின் கிரீடத்தைச் சாய்த்தது. அச்சுகளையும் சுத்தியல்களையும் இவர்கள் கையில் எடுத்தார்கள். இஸ்திரிப் பெட்டிகளை அவர்கள் எடுத்தார்கள். நடுவில் லம்ஸ்டனும் ஸ்பென்ஸும் மூக்கோடு மூக்கு நின்றார்கள். அன்று மாலை அந்தக் குறுகலில் மண்டைகள் உடைந்திருக்கும், ஒன்றிரண்டு உயிர்கூடப் போயிருக்கும். நினியன் குதிரை மேலிருந்து, தன்னுடைய பத்து ஜோடி இத்தனை பேரைக் கொண்டுவந்து நிறுத்திவிட்டதே என்று குதிரையின் பிடரியைப் பிடித்துக்கொண்டான்.

அப்போது பால் கறக்கும் நேரமாயிற்று.

முதலில் முரசுக்காரன் திரும்பினான். அடித்துக்கொண்டிருந்த அடியை நிறுத்தாமல் பக்கத்துச் சந்துக்குள் இறங்கினான். லம்ஸ்டனும் ஸ்பென்ஸும் ஒருவரையொருவர் திட்டிக்கொண்டே, பழக்கதோஷத்தில் தோளோடு தோள் சேர்த்து, அதே சந்தில் நடந்தார்கள். ராஜாவைச் சப்பாத்துகள் குதிரையிலிருந்து உருவி இறக்கின. முரசு எங்கே போகிறதோ அங்கேதான் ஊர்வலம். பைக்குழல்காரர்கள் தொடர்ந்தார்கள், இரண்டு கொடிகளும் தொடர்ந்தன, கொடிகளின் பின்னால் இரண்டு சங்கங்களும் கையிலிருந்த ஆயுதங்களை என்ன செய்வதென்று தெரியாமல் தொடர்ந்தன. கடைசியில் ராஜா இல்லாத குதிரை. தொழுவத்து வாசல் ஒரு பசுவின் வயிறு நுழையும் அகலம். தலைவர்கள் இருவரும் பக்கவாட்டில் திரும்பி, மூச்சை இழுத்துப் பிடித்து, ஒரே சமயத்தில் உள்ளே நுழைந்தார்கள். எந்தச் சங்கம் முந்தியது என்று பிறகு எத்தனையோ பேர் விசாரித்தும் யாராலும் சொல்ல முடியவில்லை.

பெத்தியா வெளியே நின்ற கூட்டத்தைப் பார்த்தாள், வாளியைப் பார்த்தாள், உட்கார்ந்தாள். அன்று பால் நிற்கவில்லை. வாளி நிறைந்தது, துணி துவைக்கும் தொட்டி நிறைந்தது, பக்கத்து வீடுகளிலிருந்து சட்டிகள் வந்தன, முரசைக்கூடக் கவிழ்த்துப் பிடித்தார்கள். அச்சைப் பிடித்திருந்த கையும் இஸ்திரிப் பெட்டியைப் பிடித்திருந்த கையும் கிண்ணம் பிடிக்க வேண்டியிருந்ததால் ஆயுதங்கள் கொல்லை மதில்மேல் வரிசையாக இருந்தன. ரொட்டிக்கடைக்காரரின் மனைவி ஓட்ஸ் ரொட்டிகளைக் கூடையோடு கொண்டுவந்தாள்.

ஹால்டேன் இரண்டு காவலர்களோடும் ஒரு தீப்பந்தத்தோடும் வந்தார். கூட்டம் விலகி வழிவிட்டது. கொல்லைச் சேற்றில் அவர் மூன்றாவது அடி வைத்தபோது எடின்பரோ சப்பாத்தின் அடித்தோல் கழன்று சேற்றிலேயே நின்றுவிட்டது. அவர் மட்டும் மேலே வந்தார். சோதனையாளர்கள் இருவரும் அதைப் பார்த்தார்கள், ஒருவரையொருவர் பார்த்தார்கள், வாயைத் திறக்கவில்லை. அவ்வளவு பெரிய மரியாதையை அவர்கள் அதற்கு முன்னும் பின்னும் யாருக்கும் செய்ததில்லை.

பெத்தியா ஒரு கிண்ணத்தை நீட்டினாள். "இதக் குடிச்சுட்டு எரிங்க ஐயா. சூட்டோட இருக்கு."

அவர் பந்தத்தை இடது கைக்கு மாற்றிக்கொண்டு குடித்தார். உதட்டின் மேல் நுரை ஒட்டியிருந்தது. உள்ளே பத்துப் பேரும் நெருக்கமாக நின்று ஏதோ பேசிச் சிரித்துக்கொண்டிருந்ததை ரொம்ப நேரம் பார்த்தார்.

"கூர்லி," என்றார் மெதுவாக. "அந்தத் தோல்ல மிச்சம் ஏதாவது இருக்கா?"

"தீந்து போச்சுங்க ஐயா."

"ஒரு துண்டுகூட?"

"ஒரு துண்டுகூட இல்லீங்க."

அவர் முகம் போன போக்கைப் பார்த்து லில்லியாஸுக்கே மனம் இளகிவிட்டது. "சும்மா வந்து நில்லுங்களேன் ஐயா, யாரு வேணாங்குறா?" என்றாள். பந்தத்தைக் காவலன் ஒருவன் வாங்கித் தண்ணீர்த் தொட்டியில் அமுக்கினான். தார்ப் பீப்பாய் சிலுவையடியில் ஆள் இல்லாமல் எரிந்து அணைந்தது.

கறந்து முடிந்தது. பக்கிள்கள் தளர்ந்தன, ஒவ்வொருவராக வெளியே போனார்கள். நினியனும் போனான். வாசலைத் தாண்டிப் பத்தடி போய் நின்றான். குனிந்து இரண்டு சப்பாத்துகளையும் கழற்றினான், அடுக்கடுக்காக இருந்த மேஜோடுகளையும் கழற்றினான், அங்கியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வெறுங்காலோடு சேற்றிலும் சாணியிலும் நடந்து திரும்பி வந்தான். இரண்டு சங்கங்களும் பைக்குழல்காரர்களும் நகரத் தலைவரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கிரீடம் ஒரு காதின்மேல் தொங்கியது.

"இப்ப அதுங்க கூட்டிட்டு வரல பெத்தியா," என்றான். "நானா வந்தேன்."

பெத்தியா வாளியைக் கீழே வைத்தாள். "செத்துப்போன மாடே வீடு திரும்பிருச்சு. எதிர்ச்சந்துல இருந்து வர்றதுக்கு உனக்கு ஏழு வருஷமா?"

"பதினொண்ணு," என்றான் நினியன். "முதல் ரெண்டு வருஷமும் கடைசி ரெண்டு வருஷமும் பால்கூட வாங்கல."

அவள் சிரித்துவிட்டாள். புருஷன் போன பிறகு அவள் அப்படிச் சிரித்து யாரும் பார்த்ததில்லை. "முதல்ல அந்தக் கிரீடத்தக் கழட்டு. ராஜாவக் கட்டிக்கிட்டா யாரு சாணி அள்றது?"

குளிர்காலம் பிறக்கும் முன் கல்யாணம் நடந்தது. மாப்பிள்ளைக் கோட்டு தையற்காரர் சங்கத்தின் செலவு, மணப்பெண் சப்பாத்து சப்பாத்துக்காரர் சங்கத்தின் செலவு. அது சாதாரண ஆட்டுத்தோல், எங்கேயும் போகவில்லை. அடுத்த திருநாளிலிருந்து இரண்டு சங்கங்களும் சேர்ந்தே ஊர்வலம் போயின, தொழுவத்து வாசல் வரை. போதகர் மாலை ஜெபத்தை ஒரு மணி நேரம் தள்ளிவைத்தார். ஹால்டேன் தினமும் வந்தார், மழையானாலும் வந்தார், கிண்ணங்களைக் கழுவிவைக்கும் வேலையைத் தானாக எடுத்துக்கொண்டார். வருஷங்கள் போயின. நினியன் பத்து ஜோடிகளுக்கும் அடித்தோல் மாற்றினான், தையல் பிரிந்த இடத்தில் தையல் போட்டான், மேல்தோலுக்கு மெழுகு தேய்த்தான். முரசுக்காரன் இறந்தபோது அவனுடைய ஜோடியை மகன் போட்டுக்கொண்டான். அளவு சரியாக இருந்தது.

பிறகு ஒரு மே மாதத்தில், கறக்கும் நேரம் இல்லாத ஒரு விடியற்காலையில், பத்து ஜோடிகளும் ஆட்களைப் படுக்கையிலிருந்து எழுப்பின. நீதிபதி இரவுத் தொப்பியோடு வந்தார், போதகர் சவரம் பாதியில் வந்தார். லில்லியாஸ் எல்லோருக்கும் முன்னால் வந்து, கையைக் கழுவிக்கொண்டு, தொழுவத்துக் கதவைச் சாத்திவிட்டாள். பெத்தியாவும் உள்ளே இருந்தாள். வெளியே நின்ற ஆண்கள் ஒன்பது பேருக்கும் கால்கள் ஒரு நிலையில் நிற்கவில்லை; நினியன் குனிந்து தன் சப்பாத்துகளைத் தடவிக்கொடுத்தான். சூரியன் கூரைக்கு மேல் வந்த நேரத்தில் கதவு திறந்தது. வேறு மாடு எதுவும் இல்லாத தொழுவத்தில், வைக்கோல்மேல், கறுப்பாக ஒரு கன்று, ஈரத்தோடு, நான்கு கால்களையும் நான்கு பக்கம் பரப்பி எழுந்து நிற்கப் பார்த்துக்கொண்டிருந்தது.

"பொட்டக் கன்னு," என்றாள் லில்லியாஸ், கையைத் துடைத்தபடி. "தாயும் கன்னும் சுகம்."

தாயைப் பார்க்க எல்லோரும் ஒரு முறை தங்கள் கால்களைக் குனிந்து பார்த்துக்கொண்டார்கள். பிறகு, நன்றாக விடிந்துவிட்டதால், அவரவர் வேலையைப் பார்க்கப் போனார்கள்.